காசு கட்டித் திறப்பதா, களஞ்சியத்தில் வைப்பதா: ஆய்வுக் கட்டுரைக்கு நாங்கள் தேர்ந்த வழி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தைப் பற்றி நானும் உடன் வேலை பார்க்கும் ஒருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினோம். எழுதும்போது பட்ட பாட்டைவிட, அதை எங்கே எப்படி வெளியிடுவது என்பதில்தான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டோம். இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. படிக்க நினைக்கிற யாரும் காசு கட்டாமல் படிக்க வேண்டும், கிணற்றை அளக்க விட்டவர்கள் உட்பட.

வழிகள் மூன்று. எழுதுபவர் கட்டணம் கட்டினால் எல்லோருக்கும் திறந்துவிடும் இதழ் ஒன்று. எழுதுபவரிடமும் வாங்காமல், படிப்பவரிடமும் வாங்காமல் நடக்கிற இதழ் இன்னொன்று. மூன்றாவது, சந்தா இதழிலேயே வெளியிட்டுவிட்டு, ஏற்கப்பட்ட பிரதியை (இதழ் ஏற்றுக்கொண்ட, இன்னும் அச்சுக்கோக்காத வடிவத்தை) மட்டும் ஒரு பொதுக் களஞ்சியத்தில், அதாவது யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய இணையச் சேமிப்பகத்தில், வைப்பது. ஆய்வு வட்டாரத்தில் முறையே கோல்டு, டைமண்ட், கிரீன் என்பார்கள். நாங்கள் மூன்றாவதற்குப் போனோம். எனக்குப் பழக்கமும் பிடிப்பும் அதில்தான் அதிகம். முதல் வழியில் சொந்தக் காசு போட்டதில்லை, மற்றவர்கள் போட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததோடு சரி. அந்தச் சாய்வைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

சந்தாத் திட்டம் வந்த பிறகுமா?

'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தப் பாடு என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2024 நவம்பர் 25-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் அது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள் 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. சின்ன ஊர் அரசுக் கல்லூரிகளுக்கு இது பெரிய வரம், குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் எங்கள் கல்லூரி சுயநிதி. திட்டம் அரசு நடத்தும் நிறுவனங்களுக்கு. ஒரே பஸ்ஸில் ஏறும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் சித்தூர் அரசுக் கல்லூரிக்குப் போகிறார், இன்னொருவர் எங்களிடம் வருகிறார். அங்கே திறக்கிற கட்டுரைக்கு இங்கே டாலர் கேட்கும் பக்கம் வருகிறது. மாணவர்களை விட்டுவிட்டாலும், எங்கள் கட்டுரையை நிஜமாகவே தேடக்கூடியவர்கள் எந்த நிறுவனத்துக்குள்ளும் இல்லை. பஞ்சாயத்து உறுப்பினர், கிருஷி பவன் என்கிற வேளாண் அலுவலக ஊழியர், போர் போடும் வண்டிக்காரர், ஓய்வு பெற்ற நீர்ப்பாசனப் பொறியாளர், தென்னந்தோப்புக்கு டேங்கர் தண்ணீர் வாங்குகிறவர். இவர்களுக்கு எந்தச் சந்தாவும் இல்லை, இனியும் வரப்போவதில்லை.

எங்கள் பகுதியில் நீர் பற்றிய ஓர் ஆய்வறிக்கை என்பது படிப்பாளிகள் சமாசாரமாக மட்டும் இருந்ததே இல்லை. பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கிற பிளாச்சிமடையில் 2000-ல் குளிர்பான ஆலை வந்தது. 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது. 2003-ல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. உயர் நீதிமன்றத்தில் நடந்த வாதத்தில் பெரும்பகுதி ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் எடுக்கலாம், எடுத்தால் அக்கம்பக்கக் கிணறுகள் என்ன ஆகும் என்ற நீர்க்கணக்கைச் சுற்றித்தான். பறம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கேரளத்துக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. விடவேண்டும் என்பது இங்கே டீக்கடையிலேயே தெரிந்த எண். இப்படிப்பட்ட ஊரில் கிணற்றைப் பற்றி எழுதிவிட்டு அதைப் பூட்டி வைப்பது எனக்கு ஒப்பவில்லை. அளவெடுக்கப் போனபோது ஒரு பெரியவர் கேட்டதும் அதைத்தான்: "ஏனுங்க மாஷே, நாளைக்கு இதை எங்க போய் நாங்க பாக்கறது?"

பூட்டிய கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரே வரி. 2020 டிசம்பரில் பெரிய பதிப்பகங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட தளம் அது. பஞ்சாயத்து ஆபீசுக்கு எழுதும் கடிதத்தில் அந்த முகவரியைக் கொடுக்க முடியாது.

காசு கட்டும் வழி

இதன் நல்ல பக்கம் வெளிப்படை. வெளியான நாளே திறந்திருக்கும். இறுதியாக அச்சுக்கோத்த வடிவமே கிடைக்கும், பக்க எண் குழப்பம் இல்லை. பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால் நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், பாடத்தில் சேர்க்கலாம். 2002 பிப்ரவரியில் வந்த புடாபெஸ்ட் அறிக்கை எதை ஓபன் ஆக்சஸ் (திறந்த அணுகல்) என்றதோ, அந்தச் சுதந்திரம் எந்தச் சிக்கலும் இல்லாமல் கையில் கிடைக்கிறது.

விலைதான் இடிக்கிறது. 2020 கடைசியில் நேச்சர் இதழ் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று அறிவித்தது. அது உச்சாணிக் கொம்பு என்று தள்ளிவிடலாம். நடுத்தர இதழ்களிலேயே ஆயிரத்துச் சொச்சம் டாலரில் ஆரம்பித்து மூவாயிரம் வரை போவது சாதாரணம். சுயநிதிக் கல்லூரியில் சம்பளம் வாங்குபவருக்கு இது எத்தனை மாதச் சம்பளம் என்று நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. வருமானம் குறைந்த நாடுகளுக்குத் தள்ளுபடி உண்டே என்றால், உண்டு. ஆனால் நாட்டின் மொத்தப் பொருளாதார அளவையும் சேர்த்துப் பார்க்கும் பதிப்பகங்களின் பட்டியலில் இந்தியா வராது. நாடு பெரியது, எங்கள் கல்லூரி சிறியது என்பது அந்தக் கணக்கில் ஏறாது. தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகளின் கட்டுரைகள் உடனே திறந்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நிதி அமைப்புகள் 2018-ல் தொடங்கிய பிளான் எஸ் ஏற்பாட்டில் சேரப்போவதாக 2019 தொடக்கத்தில் பேச்சு கிளம்பி, அதே ஆண்டிலேயே இந்தியா விலகிக்கொண்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

திட்ட நிதியில் வெளியீட்டுக் கட்டணத்துக்கு என்று தனித் தலைப்பு இருக்கிறவர்கள் தயங்காமல் கட்டலாம். அது இல்லாதவர்களுக்கு இந்த வழியின் வாசலிலேயே இன்னொரு ஆபத்து நிற்கிறது. "மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு வணக்கம்" என்று வாரம் தவறாமல் வரும் மின்னஞ்சல்கள்தான். சில ஆயிரம் ரூபாய், சில நாளில் வெளியீடு, சான்றிதழ் தனி. கேட்டால் ஓபன் ஆக்சஸ்தான் என்பார்கள், அதில் பொய்யும் இல்லை, யாரும் படித்துப் பார்க்காமல் போட்டுவிட்டுத் திறந்து வைத்திருப்பார்கள். ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இதழ்கள் நடத்திய ஓமிக்ஸ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. இப்படிப்பட்ட இதழ்களைப் பற்றி அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் வைத்திருந்த எச்சரிக்கைப் பட்டியல் 2017 ஜனவரியில் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. நம்பத்தக்க இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இனி எந்த இதழ் சரி என்று பார்ப்பது கல்லூரியின் பொறுப்பு, அதாவது நம் பொறுப்பு. டி.ஓ.ஏ.ஜே. என்கிற ஓபன் ஆக்சஸ் இதழ் அடைவு 2003 முதல் இருக்கிறது, குறைந்தபட்சம் அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணப்பையைத் தொட வேண்டும்.

யாரிடமும் காசு வாங்காத வழி

மனசு இதற்குத்தான் போகிறது, மறைக்கவில்லை. இந்தியாவில் இதற்கு நல்ல மரபும் உண்டு. பெங்களூரின் கரன்ட் சயின்ஸ் இதழை யாரும் திறந்து படிக்கலாம். இந்திய அறிவியல் கழகத்தின் பழைய இதழ்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. சி.எஸ்.ஐ.ஆர். குடும்பத்து இதழ்கள் என்.ஓ.பி.ஆர். களஞ்சியத்தில் இருக்கின்றன, மரபு அறிவு பற்றி எழுதும் எங்கள் தாவரவியல் ஆசிரியருக்கு அதுதான் அன்றாடச் சோறு. வேளாண் ஆராய்ச்சி மன்றமும் தன் இதழ்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. பிரேசிலில் தொடங்கிய சைலோ இதழ்த் தளம், ஒரு கண்டம் முழுக்கவே இப்படி நடத்த முடியும் என்று காட்டியிருக்கிறது. அறிவுக்கு வெளியே போகவும் காசு கூடாது, உள்ளே வரவும் காசு கூடாது என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

பின்னே ஏன் இதைத் தேர்வு செய்யவில்லை? எங்கள் துறையில், எங்கள் மாதிரி ஓரிடத்துக் கிணற்று ஆய்வை எடுத்துக்கொள்ளும், அதே நேரம் காசு வாங்காத நல்ல இதழ்கள் கைவிரல்களில் அடங்கும். அவற்றில் வரிசை நீளம், பதில் வரத் தாமதம். இது பாதிக் காரணம். மீதிப் பாதிதான் இந்தக் கட்டுரையின் நடு விஷயம்.

பத்து வருஷம் கழித்து யார் பார்த்துக்கொள்வார்கள்?

திறந்திருக்கிறதா என்ற கேள்வியை எல்லோரும் வெளியான அன்று கேட்கிறார்கள். நிலத்தடி நீர் மாதிரி விஷயத்தில் அதைப் பத்து வருஷம் கழித்துத்தான் கேட்க வேண்டும். இப்போது அளந்த மட்டம் இப்போது யாருக்கும் பெரிய செய்தி இல்லை, கிணற்றுக்காரருக்கே தெரிந்ததுதான். அடுத்த வறட்சியில், அதற்கடுத்த வழக்கில், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய எண் வேண்டும் என்று யாராவது அலையும்போதுதான் அதற்கு மதிப்பு. அந்த நாளில் அந்தக் கோப்பு இருக்குமா?

எங்கள் பகுதிப் பாசனக் குளங்கள் பற்றி முன்பு ஒரு கட்டுரை வந்திருந்தது. ஒரு கல்லூரித் துறை, இதழின் பெயர் வேண்டாம், நல்லெண்ணத்தில் நடத்திய இலவச இதழ். நாங்கள் மேற்கோள் காட்டத் தேடியபோது அந்த முகவரி ரம்மி விளையாட்டு விளம்பரத்துக்குப் போனது. டொமைன் புதுப்பிக்கப்படவில்லை, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். தப்பு யார்மீதும் இல்லை. இப்படிப்பட்ட இதழ்கள் பெரும்பாலும் ஒரே ஒருவர் தோளில் நிற்கின்றன. அவர் ஓய்வு பெறுவார், மாற்றலாகிப் போவார், சர்வர் மாறும், புதிய முதல்வருக்கு அந்தச் செலவின் காரணம் புரியாது. இதழ் நடத்தும் மென்பொருள் ஒரு பிரச்சினையே இல்லை. கனடாவிலிருந்து வரும் ஓ.ஜே.எஸ். இலவசம், ஒரு மாலையில் நிறுவிவிடலாம். நிறுவியதை வருஷா வருஷம் பராமரிக்கிற ஆள்தான் இல்லை. 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, 2000-க்கும் 2019-க்கும் இடையில் இணையத்திலிருந்தே மறைந்துபோன ஓபன் ஆக்சஸ் இதழ்கள் 170-க்கும் மேல் என்று கண்டுபிடித்தது. திறந்தே இருந்த கட்டுரைகள்தான் அவை எல்லாம்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய லாக்ஸ் என்ற ஏற்பாட்டின் தத்துவம் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. விதைநெல்லை ஒரே குதிரில் போடாமல் நாலு வீட்டில் பிரித்து வைப்பது மாதிரி, ஒரே கோப்பின் பிரதிகளைப் பல நூலகங்களில் வைத்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டே இருப்பது. ஓ.ஜே.எஸ். பயன்படுத்தும் சின்ன இதழ்களும் கட்டணமில்லாமல் இதில் சேர வழி இருக்கிறது. ஆனாலும் ஆசிரியர் குழுவில் யாராவது ஒருவர் அந்தப் பெட்டியை டிக் செய்ய வேண்டும். கட்டுரை அனுப்பும் முன் "உங்கள் பழைய இதழ்கள் எங்கே பாதுகாக்கப்படுகின்றன?" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள். சரியான பதில் தருகிற இதழ் என்றால், அது இலவச இதழாக இருந்தால், எங்கள் வழியை விட்டுவிட்டு அதற்கே போங்கள். நாங்கள் கேட்ட இடங்களில் வந்த பதில்கள் எங்களுக்குத் திருப்தியாக இல்லை.

பெரிய பதிப்பகத்தின் சந்தா இதழ் இந்த ஒரு விஷயத்தில் உறுதியானது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பூட்டுதான் போட்டிருப்பார்கள், தொலைக்கமாட்டார்கள். அங்கே வெளியிட்டு, திறந்த பிரதியை நம்பகமான வேறொரு இடத்தில் வைத்தால் பராமரிப்பு வேலை எங்கள் கல்லூரியிலிருந்தும், என் லேப்டாப்பிலிருந்தும், ஒரு தனி ஆசிரியரின் நல்ல மனசிலிருந்தும் விலகிப் போகிறது. இதுதான் முடிவை எடுத்துக் கொடுத்த காரணம். மற்ற காரணங்கள் எல்லாம் இதற்குப் பின்னால் வந்து சேர்ந்தவை.

எங்கே வைத்தோம், ஏன்

இருப்பதற்குள் சிறந்தது சொந்தக் கல்லூரிக் களஞ்சியம்தான் என்று பாடப் புத்தகத்தில் எழுதலாம். இந்திய அறிவியல் நிறுவனம் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலேயே இ-பிரின்ட்ஸ் களஞ்சியம் வைத்துவிட்டது. கொச்சியில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் களஞ்சியத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும், பழைய மீன்பிடி அறிக்கைகள்கூடக் கிடைக்கின்றன. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் த்யுதி என்ற களஞ்சியம் வைத்திருக்கிறது. கோட்டயத்தின் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒன்று. ஆய்வேடு என்றால் நாடு முழுக்கச் சோத்கங்கா இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் பல ஆண்டுகளாகச் சலிக்காமல் சொல்லிவந்தது, ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டுரைகளைத் தானே திறந்து வைக்க வேண்டும் என்பதைத்தான். 2014 டிசம்பரில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகளின் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்லிக் கொள்கையே போட்டன.

எங்கள் மாதிரிக் கல்லூரிக்குக் களஞ்சியம் என்பது இன்னொரு சர்வர், இன்னொரு ஆள், இன்னொரு புதுப்பிப்புக் கட்டணம். மேலே சொன்ன ரம்மிக் கதையே இங்கும் நடக்கும். அதனால் ஜெனோடோவுக்குப் போனோம். ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்துவது. எந்த நாட்டவரும், எந்தத் துறையினரும், கல்லூரிப் பெயர் பெரியதோ சிறியதோ, காசில்லாமல் வைக்கலாம். ஒரு பதிவில் 50 ஜிபி வரை ஏற்றலாம், எங்களுக்கு அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை. ஏற்றியதும் டி.ஓ.ஐ. எண், அதாவது அந்தப் பதிவுக்கான நிரந்தர அடையாள எண், தருகிறது. எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்ற கேள்விக்குச் செர்ன் ஆய்வகம் இருக்கும் வரை, அதன் ஆய்வுத் திட்டம் குறைந்தது இன்னும் 20 ஆண்டுகளுக்கு இருக்கிறது என்று எழுத்தில் சொல்கிறார்கள். எங்கள் கல்லூரியில் யாரும் எனக்கு 20 ஆண்டுக்கு வாக்குக் கொடுத்ததில்லை.

ஆய்வாளர்களின் சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் போட்டால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். நானும் அதில் இருக்கிறேன், ஆட்களைத் தெரிந்துகொள்ள நல்ல இடம். ஆனால் அது ஒரு தனியார் கம்பெனி. 2017-ல் பதிப்பகங்கள் அதன்மேல் வழக்குப் போட்ட பிறகு ஏராளமான கட்டுரைகள் அங்கிருந்து எடுக்கப்பட்டன. கூகுள் டிரைவ் இணைப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், கல்லூரி மின்னஞ்சல் கணக்கு மூடியதும் அதுவும் போய்விடும்.

எதிர்பார்க்காத ஒரு லாபமும் கிடைத்தது. இதழுக்கு அனுப்பிய கட்டுரை ஆங்கிலத்தில். கிணற்றுக்காரருக்கு அது திறந்திருந்தாலும் ஒன்றுதான், மூடியிருந்தாலும் ஒன்றுதான். களஞ்சியத்தில் ஒரே பதிவில் பல கோப்புகளை வைக்க முடிகிறது. தமிழில் ஒரு சுருக்கமும் மலையாளத்தில் ஒரு சுருக்கமும், ஊர் வாரியாக மட்டம் காட்டும் அட்டவணையும் சேர்த்து வைத்தோம். எந்த இதழும் இதற்கு இடம் தந்திருக்காது. அட்சயா என்கிற அரசு இணையச் சேவை மையத்தில் அச்செடுத்துக் கிராமசபையில் கொடுத்தது தமிழ்ச் சுருக்கத்தைத்தான். கட்டுரையை யார் படித்தார்கள் என்று தெரியாது, இரண்டு பக்கத் தாளைப் படித்துவிட்டு வந்து சண்டை போட்டவர்களைத் தெரியும்.

அட்டவணையில் கிணற்றுக்காரர் பெயர் போடவில்லை, இருக்கும் இடத்தையும் ஊர் அளவுக்கு மட்டும் கொடுத்தோம். கேரளத்தில் 2002-லேயே நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. அளக்க விட்டதால் நாளைக்குத் தன் போருக்கு ஆபத்து வருமோ என்ற பயம் பலருக்கு இருந்தது. திறந்து வைப்பது கட்டுரையை, அடுத்த வீட்டுக்காரர் விவகாரத்தை அல்ல.

இந்த வழியின் குறைகள்

பெரிய குறை தடைக்காலம். ஏற்கப்பட்ட பிரதியைக் களஞ்சியத்தில் திறக்க ஸ்பிரிங்கர் நேச்சரின் சந்தா இதழ்களில் பொதுவாக 12 மாதம் பொறுக்க வேண்டும். எல்செவியர் இதழ்களில் இதழுக்கு இதழ் மாறும், 12 முதல் 24 மாதம் வரை சாதாரணம். கொள்ளைநோய் பற்றியோ பயிரைத் தின்னும் பூச்சி பற்றியோ எழுதியிருந்தால் இந்தக் காத்திருப்பு தாங்காது. அவர்கள் காசு கட்டுவதோ இலவச இதழைத் தேடுவதோதான் சரி. கிணற்று மட்டத்துக்கு ஒரு வருஷம் பெரிய விஷயமில்லை.

தடைக்காலத்தைப் பாதிக்குமேல் தாண்டிவிட ஒரு வழியும் உண்டு. மதிப்பீட்டுக்கு அனுப்பும் முன்பே முன்பிரதியைப் போட்டுவிடுவது. இயற்பியல்காரர்கள் 1991 முதல் ஆர்க்கைவ் என்ற முன்பிரதித் தளத்தில் இதைத்தான் செய்கிறார்கள், புவி அறிவியலுக்கு 2017-ல் எர்த்ஆர்க்கைவ் வந்தது. முன்பிரதிக்குப் பெரும்பாலான அறிவியல் இதழ்கள் தடை சொல்வதில்லை. நாங்களும் அப்படித்தான் முதலில் முன்பிரதியை வைத்தோம், பிறகு ஏற்கப்பட்ட பிரதியைச் சேர்த்தோம். வரலாறு, தமிழியல் பக்கத்தில் இது எடுபடுமா என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. இணையத்தில் ஏற்கெனவே வந்ததை வாங்கமாட்டோம் என்று சொல்கிற ஆசிரியர்கள் அங்கே இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அனுப்பும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு வடிவம் உலவுவதும் கொஞ்சம் தொல்லைதான். ஏற்கப்பட்ட பிரதியில் இதழின் பக்க எண் இருக்காது, படங்கள் கடைசியில் கிடக்கும், பார்க்க அழகாக இருக்காது. மேற்கோள் காட்டுபவர் இதழின் டி.ஓ.ஐ.-யைக் கொடுக்க வேண்டும் என்பதால் பதிவின் முதல் வரியிலேயே அதைப் போட்டுவைத்தோம். தேடுகிறவர்களுக்குக் கூகுள் ஸ்காலர் இரண்டையும் ஒன்றாகக் காட்டிவிடுகிறது, திறந்த பிரதியைத் தேடித்தரும் அன்பேவால் என்ற உலாவி நீட்டிப்பு போட்டவர்களுக்குப் பச்சைப் பூட்டு தெரிகிறது. உரிமத்திலும் கவனம் வேண்டும். பிரதியை எந்த உரிமத்தில் வைக்கலாம் என்பதைப் பதிப்பகம்தான் சொல்லும், எல்செவியர் என்றால் வணிகப் பயன்பாடும் மாற்றமும் கூடாத உரிமம். சுருக்கமும் அட்டவணையும் எங்கள் சொத்து, அதனால் அவற்றைத் தனிப் பதிவாகப் பிரித்து, யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அடுத்ததில் அப்படித்தான்.

இந்த வழியில் சந்தாப் பதிப்பகம் வழக்கம்போல லாபம் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்ற விமர்சனத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. உண்மைதான். எல்லோரும் இலவச இதழ்களுக்குப் போய், அவற்றைப் பராமரிக்க அரசு பணம் கொடுத்தால் என் வாதம் முழுக்கச் சரிந்துவிடும், சரியட்டும். 6,000 கோடியில் ஒரு சிறு துண்டை அந்தப் பக்கம் ஒதுக்கினால்கூடச் சின்ன இதழ்களின் சர்வர் கவலை தீர்ந்துவிடும் என்பது என் கட்சி.

எங்கள் வழியைப் பின்பற்ற நினைப்பவர்களுக்கு நடைமுறையில் மூன்று விஷயம். இதழைத் தேர்வு செய்யும் முன்பே அதன் விதியைப் பாருங்கள், முன்பு ஷெர்பா ரோமியோ என்று இருந்து இப்போது ஓபன் பாலிசி ஃபைண்டர் என்ற பெயரில் இருக்கும் தளத்தில் இதழ் பெயரைக் கொடுத்தால் எந்தப் பிரதியை எப்போது எங்கே வைக்கலாம் என்று வந்துவிடும். ஏற்புக் கடிதம் வந்த அன்றே, கடைசியாகத் திருத்தி அனுப்பிய வேர்டு கோப்பைத் தனியாக எடுத்துப் பெயர் போட்டு வையுங்கள். பதிப்பகம் அச்சுக்கோத்து அனுப்பும் பி.டி.எஃப்-ஐ ஏற்ற உரிமை கிடையாது, ஒரு வருஷம் கழித்துத் தேடும்போது உடன் எழுதியவர் யாரிடமும் சரியான பிரதி இருக்காது. தடைக்காலம் முடியும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஜெனோடோவில் ஏற்றி, திறக்க வேண்டிய தேதியைக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தேதியில் அது தானாகத் திறந்துகொள்ளும், அப்போது நீங்கள் எந்தக் கல்லூரியில் இருந்தாலும்.